ஐஸ் பெட்டியில் பாம்பு விஷம்: நாமகிரிப்பேட்டை, மல்லசமுத்திரம், சேலம்

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் பாம்பு விஷம் என்று சொல்லி ஏதோ ஒரு தண்ணீரை விற்று, பிழைக்க வேண்டியவர்களைச் சாகடித்துக்கொண்டிருக்கிறார். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. ஒரு சீசா 4,500 ரூபாய், இருபத்தொரு நாளுக்கு வரும். ஊருக்கே தெரியும். வழி கேட்டால் வண்டி நிறுத்தும் இடம் வரைக்கும் சொல்லி அனுப்புகிறார்கள்.

இந்த வலைப்பக்கத்தில் இதுவரை சேலத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இதுவும் ஒரு நாள் பயணம்தான். நேரம், தூரம், செலவு எல்லாம் வழக்கம்போலக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்த முறை யார் இதைத் தேடிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கட்டி வந்திருக்கும். யாரோ ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுத்து, போய்த்தான் பாருங்களேன் என்றிருப்பார்கள். கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கவிதா என்னோடு கல்லூரியில் படித்தவள். ஓசூரில் வேலை, கைக்குழந்தை வேறு. அவள் அப்பா நல்லசிவத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. நாமகிரிப்பேட்டைக்கு அருகே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். கழுத்தில் நெறி கட்டி, அது இறங்காமல், கடைசியில் நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தொரு நாளுக்கு ஒன்று வீதம் ஆறு கீமோ ஊசி என்று எழுதிக்கொடுத்தார்கள். மூன்று போட்டார். கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. நான்காவது ஊசிக்கு அவர் போகவில்லை. விஷச் சொட்டுக்கு மாறிவிட்டார்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டை. உயிர்வேதியியல் படித்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். புதன்கிழமை கவிதா என்னைக் கூப்பிட்டபோது நான்காவது ஊசியின் தேதி தாண்டிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மருந்தை நடுவில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் மறுபடி வளரும். அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். ஒவ்வொரு நாளும் கணக்குத்தான்.

"அப்பா ஒண்ணுக்கு மட்டும் ஒத்துக்கிட்டாருடி ஜெனி," என்றாள். "'அந்த ரத்த டெஸ்ட் பண்ற புள்ள வரட்டும், மருந்துக்காரர்கிட்ட அதுவே கேக்கட்டும், அப்பறம் பாக்கலாம்'கிறாரு. வெள்ளிக்கிழமை அடுத்த சீசா வாங்கப் போறாரு. நீ கூடப் போறியா?"

வெள்ளிக்கிழமை காலை 6.10க்குக் கிளம்பினேன். செவ்வாய்ப்பேட்டை மண்டிச் சந்துகளில் அந்த நேரத்துக்கே மளிகை மூட்டை இறங்க ஆரம்பித்துவிடும், முதல் இருநூறு மீட்டர் வண்டியை உருட்டித்தான் ஆக வேண்டும். தவக்காலத்து வெள்ளி என்பதால் சாயங்காலம் தேவாலயத்தில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு வந்துவிடுவாயா என்று அம்மா கேட்டார். தெரியாது என்றேன். பெட்ரோல் 200 ரூபாய்க்கு. நாமக்கல் நெடுஞ்சாலையில் மல்லூர் தாண்டி, ஆண்டகளூர் கேட்டில் இடது பக்கம் திரும்பினால் ராசிபுரம். 7.05க்குச் சேர்ந்தேன், மீட்டரில் 30 கிலோமீட்டர். டீ 15 ரூபாய். அங்கிருந்து நாமகிரிப்பேட்டை இன்னும் பத்து கிலோமீட்டர். வண்டி இல்லாதவர்கள் சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ராசிபுரம் வரை வந்து டவுன் பஸ் பிடிக்கலாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

மஞ்சள் அறுவடைக் காலம். சாலையோரக் களங்களில் வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. அழகான காட்சி என்று எழுதலாம். அந்த மஞ்சளை வயலிலிருந்து கிளறி எடுக்கும் பெண்களில் ஒருவர் காலிலும் செருப்பைத் தவிர எதுவும் இல்லை. இந்தப் பக்கம் விரியன் பாம்பு எங்கே படுத்திருக்கும் என்று யாரைக் கேட்டாலும் அந்த வயலைத்தான் காட்டுவார்கள்.

பண்ணை ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே. 7.50க்குப் போய்ச் சேர்ந்தேன். நல்லசிவம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் முடி இல்லை. கழுத்தைச் சுற்றித் துண்டு.

"வா சாமி. வந்துருச்சா வந்துருச்சான்னு கவிதா இதுவரைக்கும் நாலு தடவ போன் போட்டுட்டா. என்னைய ஆஸ்பத்திரிக்குப் புடிச்சுக் குடுக்க வந்தியா?"

"நீங்க கூப்பிட்டீங்கன்னு வந்தேன் அங்கிள்."

அவர் மனைவி சரசு ஆன்ட்டி எனக்கு மட்டும் டீ கொண்டுவந்தார். "அவருக்கு எட்டு மணி வரைக்கும் பச்சத்தண்ணி கெடையாது," என்றார். "கோழிக்கு நோவுன்னா நாமக்கல்லுல இருந்து டாக்டரக் கூட்டியாருவாரு. தனக்கு நோவுன்னா கோழி வைத்தியம். கேட்டா நமக்குத்தான் ஒண்ணுந் தெரியாதுங்கறாரு."

கோழி வைத்தியம் என்று அவர் சொன்னது கேலிக்காக இல்லை என்பது எட்டு மணிக்குத் தெரிந்தது. பண்ணையில் கோழிகளுக்குத் தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கும்போது முதலில் இரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், தாகத்தில் எல்லாக் கோழியும் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் என்பதற்காக. தண்ணீரில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கலப்பார்கள். அதன் பிறகுதான் மருந்து. நல்லசிவம் ஆறு மணியிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. எட்டு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் பால் பவுடரைப் போட்டுக் கலக்கினார். பழுப்பு நிறச் சீசாவிலிருந்து எண்ணிப் பத்துச் சொட்டு விட்டார். ஒரே மூச்சில் குடித்தார்.

"மருந்துக்காரர் இப்படிக் குடிக்கச் சொன்னாரா?"

"வெறும் வயித்துல பத்துச் சொட்டுன்னுதான் சொன்னாரு. மத்தது நாஞ் சேத்துக்கிட்டது. பவுடர் போடாட்டி தண்ணியில இருக்கற குளோரின் மருந்தக் கொன்னுபோடும் சாமி."

இவரை முட்டாள் என்று நினைத்துத்தான் நான் சேலத்திலிருந்து கிளம்பியிருந்தேன். அது தப்பு. அவருக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் இருபது வருடம் பண்ணையில் கண்ணால் பார்த்ததிலிருந்து வந்தது.

"கோழிக்கு மேரெக்ஸ்னு ஒரு நோவு இருக்குது," என்றார். "ஈரல்ல, நரம்புல எல்லாம் கட்டி கட்டியா வரும். கோழிக்கு வர்ற கேன்சர்னே டாக்டருங்க சொல்லுவாங்க. ஒரு நாள் குஞ்சா இருக்கறப்பவே ஊசி போட்டுட்டா அது வராது. இந்தக் கேன்சருக்குக் கோழிக்கு மருந்து இருக்கறப்ப மனுசனுக்கு மட்டும் இருக்காதா? வெசத்தக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தா ஒடம்பு பழகிக்கும், கட்டியக் கொல்லும். செல்லுல போட்டிருக்கறாங்க பாரு."

கைப்பேசியைக் காட்டினார். நாக விஷம் புற்றணுக்களைக் கொல்கிறது என்று கொட்டை எழுத்தில் ஒரு செய்தி. எத்தனை கை மாறி வந்ததோ.

"அந்த ஊசி நோய் வர்றதுக்கு முன்னாடி போடுறது அங்கிள்," என்றேன். "கட்டி வந்துட்ட கோழியை என்ன பண்ணுவீங்க?"

கேள்வி வாயை விட்டுப் போன பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்று எனக்கே புரிந்தது. அவர் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழிச்சுருவோம்," என்றார். "குழியில போட்டுச் சுண்ணாம்பத் தூவி மூடிருவோம்."

சரசு ஆன்ட்டி அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு மனிதரின் சாவை அவர் வாசலிலேயே உட்கார்ந்து அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

அந்தச் செய்தியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் பொய் இல்லை, ஆபத்தும் அதில்தான். பாம்பு விஷம் பல புரதங்களின் கலவை. ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றணுக்களின் மேல் ஊற்றினால், அவற்றில் சில அந்த அணுக்களின் தோலைக் கிழிக்கின்றன. வேறு சில, அணுக்கள் ஒட்டிப் பரவுவதைத் தடுக்கின்றன. உலகில் பல இடங்களில் நேர்மையானவர்கள் இதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். பாம்பு விஷத்தைப் படித்ததால் ரத்த அழுத்த மாத்திரை வந்திருக்கிறது, இதய நோயாளிகளுக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசி வந்திருக்கிறது. புற்றுநோய்க்கு மட்டும், எனக்குத் தெரிந்து, இதை எழுதும் நாள் வரை நோயாளிக்குக் கொடுக்க அனுமதி பெற்ற விஷ மருந்து எதுவும் இல்லை. விஷத்துக்கு நல்ல அணு, கெட்ட அணு என்ற வித்தியாசம் தெரியாது. கட்டிக்கு மட்டும் போய்ச் சேரும்படி அதை மாற்றுவது எப்படி என்பதுதான் இன்னும் முடியாத வேலை. இதில் ஒரு வரியைக்கூடச் செய்தியில் போடாமல் தலைப்பை மட்டும் போடுகிறவர்களுக்கு அது எந்த வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்ற கவலை இல்லை.

8.50க்கு அவருடைய முட்டை வேனில் கிளம்பினோம். அவரே ஓட்டினார். ஸ்கூட்டரைப் பண்ணையில் விட்டுவிட்டேன். ராசிபுரம் வழியாக மேற்கே மல்லசமுத்திரம், மொத்தம் 38 கிலோமீட்டர். சாலை பரவாயில்லை, வேகத்தடைகளுக்கு மட்டும் வெள்ளைக் கோடு கிடையாது.

வழியில் மறுபடி முயன்றேன். "ஷெட்டுல ஃபார்மலின் புகை போட்டா எல்லாக் கிருமியும் சாகும். ஆனா கோழிய உள்ள வெச்சுக்கிட்டுப் போடுவீங்களா? வெஷமும் அப்படித்தான் அங்கிள்."

"அது தெரியும் சாமி. அதனாலதான பத்துச் சொட்டு."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். ஒரு மஞ்சள் வயலைத் தாண்டும்போது அவராகவே பேசினார். போன வருடம் பண்ணையை ஒட்டிய அவர் வயலில் வேலை செய்த மாராயி என்ற பெண்ணை விரியன் கடித்துவிட்டது. இதே வேனில் போட்டுச் சேலத்துக்கு ஓட்டியிருக்கிறார். விஷமுறிவு ஊசி போட்டார்கள். கால் விரல் இரண்டு போனது, ஆள் பிழைத்துவிட்டார்.

"அன்னைக்கு ஏன் அங்கிள் வேற வைத்தியம் தேடலை?"

"வெசத்துக்கு அங்க மருந்து இருக்குதே."

"உங்களுக்கும் அங்கதான் மருந்து இருக்கு."

அவர் கியரை மாற்றினார். "அன்னைக்கு அந்த டாக்டர் வெளிய வந்து எங்கிட்ட நின்னு சொன்னாரு. எத்தன மணிக்குக் கடிச்சுது, எத்தன மணிக்கு வந்தீங்க, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு. மாராயி கூலிக்காரி. அவளப் பத்திச் சொன்னாங்க. என்னையப் பத்தி எனக்கு யாரு சொன்னா?"

10.05க்கு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். விசைத்தறிக் கொட்டகை ஒன்றின் பின்னால் வாடகை வீடு. தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். எங்களுக்கு முன்னால் ஆறு குடும்பங்கள். மருந்துக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். தேய்த்த சட்டை. முன்பு கோழி மருந்துக் கம்பெனி ஒன்றின் பிரதிநிதியாகப் பண்ணை பண்ணையாகச் சுற்றியவர், நல்லசிவத்துக்கு அப்போதே பழக்கம். சுவரில் அதே செய்தியை லாமினேட் செய்து மாட்டியிருந்தார்.

எங்கள் முறை வந்தது. நான் கேட்டேன். எந்தப் பாம்பு?

"நாகமும் கண்ணாடி விரியனும் மேடம்."

"எங்க வாங்கறீங்க?"

"அது சொல்றதில்லைங்க."

"விஷம் வெச்சிருக்க லைசென்ஸ் வேணுமே?"

"அதனாலதான் போர்டு வெக்கலைங்க." வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வாயில குடிச்சா வயித்துல சாப்பாடு மாதிரி செரிச்சுப் போயிரும். கழுத்துக் கட்டிக்கு எப்படிப் போகும்?"

"மேடம் படிச்சவங்க, கேள்வி கேப்பீங்க. இவங்கெல்லாம் நோவுல இருக்கறவங்க. இவங்களுக்கு நம்பிக்கை வேணுமுங்க."

எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தார். அவர் கணவருக்கு மூக்கில் உணவுக் குழாய். "ஏனுங்க, வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லாட்டி நவுருங்க," என்றார் அந்தப் பெண். "இவரால நிக்க முடியல." அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்த அறையில் நான்தான் வில்லி. தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது.

மருந்துக்காரர் தெர்மாகோல் பெட்டியைத் திறந்தார். கோழித் தடுப்பூசி வரும் அதே மாதிரிப் பெட்டி, உள்ளே ஐஸ் பைகளுக்கு நடுவில் சீசாக்கள். நல்லசிவம் கையை உள்ளே விட்டார். சீசாவை எடுப்பதற்கு இல்லை. தடுப்பூசிப் பெட்டி வந்ததும் எந்தப் பண்ணைக்காரரும் முதலில் செய்வது அது, குளிர் போனால் மருந்து கெட்டுவிடும். ஐஸ் பையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். பை கையில் குழைந்தது.

"ஐஸு உருகிப்போச்சே."

"காலையில கரண்டு இல்லீங்கண்ணா. ஒரு மணி நேரந்தான்."

"ஒரு மணி நேரத்துல இப்படி உருகாது."

"ஒண்ணும் ஆகாதுங்கண்ணா."

நல்லசிவம் கையை வெளியே எடுத்துத் துண்டில் துடைத்தார். "ஏந்தம்பி, எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான? ஐஸு உருகியிருந்தா அந்தப் பொட்டியக் கையிலயே வாங்காதீங்க, திருப்பி அனுப்புங்கன்னு எம் பண்ணையில நின்னு சொன்னியே. கோழிக்கு ஆகாதது எனக்கு ஆகுமா?"

மருந்துக்காரர் உள்ளே ஃபிரிட்ஜில் வேறு சீசா இருக்கிறது என்றார்.

"இதுக்கு முந்தி குடுத்த சீசாவும் இப்படித்தானா?"

மருந்துக்காரர் பெட்டிக்குள் சீசாக்களை நேராக அடுக்கினார். நல்லசிவம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். நான் நின்று பார்த்தேன். மூக்கில் குழாய் போட்டவரின் மனைவி முன்னால் வந்து, அதே பெட்டியிலிருந்து ஒரு சீசா வாங்கினார். ஆஸ்பத்திரி மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று வாசலில் அவரிடம் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் படித்ததும் கேட்டதும் அங்கே ஒரு பைசாவுக்குப் பயன்படவில்லை. அன்று காலை மின்சாரம் இருந்து, ஐஸ் கல்லாக இருந்திருந்தால், நல்லசிவம் அடுத்த சீசாவோடு வீட்டுக்குப் போயிருப்பார். இதை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

வேனில் ஏறியதும், "ஆஸ்பத்திரியில எத்தன மணி வரைக்கும் பாப்பாங்க?" என்று கேட்டார். ஒரு மணிக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றேன். ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம், சுமார் 32 கிலோமீட்டர். 10.50க்குக் கிளம்பி 11.55க்குச் சேர்ந்தோம்.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். மல்லசமுத்திரத்திலிருந்து சேலத்துக்கு ஒரு மணி நேரம்தான், அதை மறக்காதீர்கள். ஊசித் தேதி தவறியிருந்தாலும் போங்கள், திட்டுவார்கள் என்று பயந்து இன்னொரு வாரம் தள்ளாதீர்கள். பழைய கோப்பு முழுவதையும் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டாலும் போங்கள், அவர்கள் கணினியில் இருக்கும். எந்தச் சொட்டைக் குடித்தீர்களோ அந்தச் சீசாவையும் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று விற்றவருக்கே தெரியாது, ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் அடுத்த ஊசியை முடிவு செய்ய முடியும். தனியாருக்குப் பணமில்லை என்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், காப்பீட்டு அட்டை பற்றி அங்கேயே கேளுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள்.

பதிவுக் கட்டணம் 500 ரூபாய். 1.20க்கு உள்ளே கூப்பிட்டார்கள். மருத்துவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். மதியச் சாப்பாடு இன்னும் ஆகவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கட்டி மறுபடி பெரிதாகியிருக்கிறது என்றார். ஏன் வரவில்லை என்று திட்டினார். நல்லசிவம் சட்டைப் பையிலிருந்து மிச்சச் சீசாவை எடுத்து மேசையில் வைத்தார். மருத்துவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதினார். அது வந்த பிறகு இதே ஊசியா வேறா என்று பார்க்கலாம் என்றார். சீட்டைக் கிழித்து நீட்டினார்.

நல்லசிவம் சீட்டை வாங்கிக்கொண்டார். எழவில்லை.

"மூணாவது ஊசி போட்ட அன்னைக்கு இதே சேர்ல உக்காந்து உங்களக் கேட்டேன்," என்றார். "எல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க போங்கன்னீங்க. நானுங்க கோழிப் பண்ணைக்காரன். ஒவ்வொரு ஷெட்டுலயும் ஒரு அட்டை தொங்கும். இன்னைக்கு எத்தன செத்துதுன்னு எழுதாம வெளக்கணைக்க மாட்டோம். குஞ்சு எறக்கறப்பவே நூத்துக்கு எத்தன உசுரோட நிக்கும்னு தெரிஞ்சுதான் எறக்கறோம். தேதிக்கு வந்து ஆறு ஊசியும் போட்டிருந்தா, என்னையாட்ட நூறு பேர்ல எத்தன பேர் பொழைப்பாங்க? இப்பப் பதினாலு நாள் தள்ளி வந்திருக்கறேன், இப்ப எத்தன? ரெண்டையுஞ் சொல்லுங்க. கம்மியா இருந்தாலுஞ் சொல்லுங்க. தெரியாட்டி, தெரியாதுன்னு சொல்லுங்க."

மருத்துவர் பேனாவை மூடினார். வாசலில் நின்ற நர்ஸ் அடுத்தவர் பெயரை ஒருமுறை கூப்பிட்டார், பிறகு இன்னொரு முறை. அந்த அடுத்தவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, நாங்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

நல்லசிவம் இரண்டு கையையும் மேசையின் மேல் வைத்தார்.

"சொல்லுங்க சாமி," என்றார்.